பாதி பிளந்த புளியங்கட்டை

வடமதுரை விறகுக்கடையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே மாலை வெயில் இறங்கி மரத்தூளில் மிதக்கிறது. பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் சிலிண்டரை இரும்புத் தூலத்தில் பற்றவைத்து முத்துக்கிருஷ்ணன் தானே செய்த விறகு பிளக்கும் மிஷின், தூக்கத்தில் முனகுவதுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் மனைவி பாண்டிச்செல்வி ஒரு புளியங்கட்டையை உருட்டி ஏற்றுகிறாள். பிரியாணிக் கடை லோடுக்கு இதுதான் கடைசிக் கட்டை. அவன் லீவரை அழுத்துகிறான். சிலிண்டர் கட்டையை மெல்ல ஆப்பின் மேல் தள்ள, முறுக்கேறிய நார்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. பிளவுக்குள் ஏதோ மினுங்குகிறது.

“நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!” என்று அவள் கத்துகிறாள்.

சிலிண்டர் நிற்கிறது. மரத்தின் பொந்துக்குள் கரிய மெழுகுக் கிண்ணங்கள் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. ஒன்றிலிருந்து தேன் கசிகிறது. கடுகளவு கொசுத்தேனீக்கள் கிளம்பி அவள் கையிலும் கன்னத்திலும் உட்காருகின்றன. இவை கொட்டுவதில்லை. ஆனாலும் அவள் அசையாமல் நிற்கிறாள்.

“கடைக்காரரு போனுக்கு மேல போன் போடுறாரு புள்ள,” என்கிறான் அவன்.

“ஒரு கட்டை கொறைஞ்சா அவரு அடுப்பு அணைஞ்சா போயிரும்? கட்டையக் கொஞ்சம் பின்னால இழுங்க.”

அவன் லீவரை மறுபக்கம் தள்ளிக் கட்டையை ஆப்பிலிருந்து உருவுகிறான். பிளவு மெதுவாக மூடிக்கொள்கிறது. அவன் கயிற்றைச் சுற்றி இறுக்க, அவள் ஈரமண்ணால் விரிசலைப் பூசுகிறாள். இருவரும் கைத்தாங்கலாகத் தூக்கிப்போய் வேலியோர வேம்பின் நிழலில் அதை நிறுத்துகிறார்கள். வெளியே லோடு ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கிறது. முத்துக்கிருஷ்ணன் கையை மட்டும் உயர்த்திக் காட்டுகிறான். அவன் உதட்டின்மேல் ஒரு தேனீ நடந்துகொண்டிருக்கிறது.