பாக்கி நாலு கட்டம்

“இன்னும் நாலே நாலு கட்டம். அதைத் தைக்கக் கை வலிக்குதா உனக்கு?”

சோபாவில் கிடந்த ஒட்டுத்துணிப் போர்வையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உட்கார்ந்தார் சூப்பர்வைசர். தொழிற்சாலையில் அரைகுறை வேலையைக் கண்டால் ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறவர். வீட்டில் ஒரு அரைகுறையைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டும் என்பது அவர் தலையெழுத்து.

“மனசு வரலைங்க” என்றாள் மனைவி.

“மனசு எதுக்குடி? ஊசியும் நூலும் போதாதா?”

ஆரம்பித்தபோது என்னமோ ராப்பகலாகத்தான் தைத்தாள். விரலெல்லாம் ஊசிக் குத்து. போன மாதம் காய்ச்சலில் விழுந்தபோது இவர் லீவு போட்டு, மாத்திரை கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்தவள் அதோடு ஊசியைத் தொடவில்லை. ரெண்டு நாள் தாங்கியதில் சோம்பேறித்தனம் ஒட்டிக்கொண்டுவிட்டது, வேறென்ன?

மறுநாள் அவளிடம் சொல்லாமல் போர்வையைச் சுருட்டித் தையல்கடைக்கு எடுத்துப் போனார்.

தையல்காரர் விரித்துப் பார்த்தார். “கைத்தையல் அருமையா இருக்கு சார். ஆனா அகலம் ரெண்டு பேருக்குப் பத்தாதே?”

“அவ கணக்கு லட்சணம் அவ்வளவுதான். மிச்சத்தை மெஷின்ல அடிச்சு விடுங்க. அதைப் பார்த்தாவது சூடு சொரணை வரட்டும்.”

சாயங்காலம் போர்வையை அவள் மடியில் வீசினார். “பாத்துக்கோ. டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டான். இதுக்குப் போய் மாசக்கணக்கா முக்கி முனகினே!”

அவள் மெஷின் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது. ஒருவழியாக ரோஷம் வந்துவிட்டதே என்று அவருக்குப் பரம திருப்தி.

“அகலத்தைப் பாத்தியா? தையல்காரன்கூடச் சிரிக்கிறான். ஒருத்தர்தான் போத்திக்க முடியும்!”

“ஒருத்தருக்குன்னுதாங்க தச்சேன்.”

எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். உள்ளே அவள் துணிமணிகள் எப்போதோ அடுக்கிவைத்தபடி இருந்தன. போர்வையை அவற்றின்மேல் மடித்து வைத்து மூடினாள்.

“எங்கே கிளம்பறே?” பின்னாலேயே வந்து கேட்டார்.

“இது முடிஞ்சதும் உங்களை விட்டுப் போயிடணும்னுதான் ஆரம்பிச்சேன். அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் முடிக்க மனசு வரலை.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“நீங்களே முடிச்சுக் குடுத்துட்டீங்க.”