சட்டத்தைத் தொடும் இலை

கியோத்தோவில் மழை விட்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் ஷிஸூயே, பக்கத்து வீட்டு ஹதானோ கொண்டுவந்த இரண்டு நீலத் தபால்தலைகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறாள். இவை அச்சான காலத்தில் ஒரு தாளில் வரும் ஒவ்வொரு தபால்தலையையும் அச்சுத் தகட்டில் தனித்தனியே கையால் செதுக்கியிருக்கிறார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணை நீங்க வெச்சுக்குங்க," என்று ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு அவர் ஆரஞ்சு உரிக்கிறார். அறையெங்கும் தோலின் மணம்.

அவளுக்குக் கொடுத்ததில் செர்ரிக் கிளையின் நுனி இலை, படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தைத் தொடுகிறது. மற்றதில் மயிரிழை இடைவெளி. தொடும் இலையை அவள் எந்த ஆல்பத்திலும் கண்டதில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம். கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்துகிறாள்.

"ஹதானோ சான், இது வேற. பாருங்க."

அவர் குனிகிறார். விரலில் சுளை அப்படியே நிற்கிறது.

"அடடா! இத்தனை வருஷமா கண்ணை எங்க வெச்சிருந்தேன்?"

"திருப்பி எடுத்துக்குங்க."

"கொடுத்தது கொடுத்ததுதான்," என்கிறார், தலை நிமிராமல். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேனே."