குடும்பத் திட்டம்

என் வீட்டுக்காரர் சுகுமாரன் தன் முதல் மாரத்தானுக்கு ஐந்து மாதம் பயிற்சி எடுத்தார். ஓடியது அவர், வலித்தது எனக்கு. வலியை இடம் மாற்றித் தரும் கம்பெனி ஒன்றின் குடும்பத் திட்டத்தில் சேர்ந்தால் ஓடுகிறவரின் வலியை வீட்டில் இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். அவருக்குக் கட்டைவிரல் நகம் பெயர்ந்த வாரம் நான் நொண்டிக்கொண்டே ஆபீஸ் போனேன்.

இன்று காலை அவர் நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். நான் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்து, வலி தாங்காமல் மஞ்சள் மஞ்சளாக வாந்தி எடுத்தேன்.

பதக்கத்தோடு வந்தவர் பக்கத்து வீட்டுக்காரரிடம், "மனசுல உறுதி இருந்தா வலியே தெரியாது சார்" என்றார். நான் கதவோரம் நின்று வாயைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்து சோபாவில் சாய்ந்து, வியர்வை நாறும் காலை என் மடியில் போட்டார்.

"பானு, கொஞ்சம் கால் பிடிச்சு விடேன்."

"உங்களுக்குத்தான் வலிக்கலையே?"

"அதுக்காக? ஓடிட்டு வந்திருக்கேன்ல?"

ஆத்திரத்தில் அவர் கெண்டைக்காலை நகம் பதியக் கிள்ளினேன். "ஐயோ" என்று கத்தியது நான்தான்.

"பார்த்து" என்றார், கண்ணைக்கூடத் திறக்காமல். "உனக்குத்தான் வலிக்கும்."