பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள்

"எஞ்சினை நான் பாத்துக்கிருவேன் அண்ணே. இந்தப் பின்சீட்டுல இதுவரைக்கும் யாரு யாரு உக்காந்திருக்காக, அதைச் சொல்லுங்க."

கார் வாங்க வந்தவர் இப்படிக் கேட்டதும், பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த கூத்தையா திகைத்துப்போனார். தன் கறுப்பு லேண்ட்மாஸ்டர் காரை விற்கப்போவதாக அவர் ராமநாதபுரம் பூராவும் சொல்லி வைத்து மூன்று மாதமாகிறது. வந்தவர்கள் எத்தனை மைல் ஓடியது என்று கேட்டார்கள், டயரை உதைத்துப் பார்த்தார்கள். பின்சீட்டின் ஜாதகத்தைக் கேட்ட முதல் ஆள் இந்த அப்துல் குத்தூஸ்தான். கொழும்பில் பத்து வருஷம் கடை வைத்திருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்ட மனிதர். மனைவி குல்சும் வாசலில், குதிரை வண்டிப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மதுரையில புது அம்பாசடருக்குப் பதிஞ்சு வச்சிருக்கீகளாமே பாய்?"

"ஆமா, அடுத்த மாசம் வந்துரும்ங்கிறாக. அதுக்குள்ள தோதா ஒரு பழைய வண்டி கெடைச்சா அதை விட்டுருவேன்."

வரப்போகிற புது வண்டியை விட்டுவிட்டுப் பழைய வண்டிக்கு யாராவது அலைவார்களா? கூத்தையாவுக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் போகட்டும், வண்டி விலைபோனால் சரி. உள்ளே அவர் மனைவி சேதுலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். இந்த வாரமே மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிளகாய் வியாபாரம் படுத்துப்போனதில் கையில் மிச்சம் இருப்பது இந்தக் கார் ஒன்றுதான்.

"பின்சீட்டுலயா? எங்க வீட்டு ஆளுக, சொந்தக்காரவுக. சாமி கும்பிடப் போக வர. அம்புட்டுதான்."

"மேலுக்கு முடியாத பொம்பளைக யாரையாச்சும் ஏத்திப் போனது உண்டா?"

கூத்தையா பானட்டைப் பட்டென்று இறக்கினார். எவனோ இவர் காதிலும் ஊதிவிட்டான்!

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழை. திருப்புல்லாணி ரோட்டில் அச்சு முறிந்து சாய்ந்த மாட்டு வண்டி ஒன்றின் பக்கத்தில் இரண்டு பெண்கள் தலையை மூடிக்கொண்டு நனைந்து நின்றார்கள். ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது. கூத்தையா யோசிக்கவே இல்லை. ஏற்றிக்கொண்டு பறந்தார். பாதி வழியிலேயே பின்சீட்டில் குழந்தை வீறிட்டது. கூச்சத்தில் அவர் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த அழுகையைக் கேட்டு, தனக்கே பிள்ளை பிறந்ததுபோல் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆஸ்பத்திரி வாசலில் நர்சுகள் ஓடிவந்து தாங்கிக்கொண்டதும், யார் எவர் என்று கேட்காமல், தன் பேரையும் சொல்லாமல் திரும்பிவிட்டார்.

அதற்குக் கிடைத்த பரிசு, 'பிரசவத் தீட்டுப் பட்ட வண்டி' என்ற பெயர். கல்யாணத்துக்கு இரவல் கேட்டவர்கள் அதோடு நின்றுபோனார்கள். சீட்டுக்குப் புது ரெக்சின் தைத்துப் போட்டும் பேச்சு அடங்கவில்லை. போன மாதம் அட்வான்ஸ் கொடுத்த ஒருவர், விஷயம் தெரிந்ததும் மறுநாளே ஓடிவந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார். இவர்கள் எல்லாம் வானத்திலிருந்தா குதித்தார்கள் என்று கூத்தையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய, விற்கிறவன் வாயைத் திறக்க முடியுமா?

"அப்படியெல்லாம் ஏத்துற வழக்கமே கெடையாது பாய்."

"ஒருக்காகூடவா? மழைக்கு, அவசரத்துக்கு..."

"இல்லைங்கிறேன்ல!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. வண்டிக்குள்ள பிரசவம் கிரசவம்னு ஏதும்..."

"எவன் சொன்னான்? எங்க குலசாமி மேல சத்தியமா, இந்த வண்டியில அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல!"

சொன்ன மாத்திரத்தில் அவருக்கு நெஞ்சு கூசியது. வாழ்க்கையில் மனசாரச் செய்த ஒரே நல்ல காரியத்தைத் தன் வாயாலேயே இல்லை என்று ஆக்கியாயிற்று. சேதுலட்சுமிக்காகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

குத்தூஸின் முகம் இப்போது தெளிந்துவிடும் என்று பார்த்தால், அது இன்னும் வாடிப்போயிற்று. பின்கதவை மெதுவாகச் சாத்தினார்.

"சரிண்ணே. அப்ப நமக்கு இது தோதுப்படாது. வாரேன்."

கூத்தையா பதறிக்கொண்டு வாசல்வரை பின்னாலேயே ஓடினார். "பாய், நில்லுங்க! வெலையைக் கொறைச்சுக்கிருவோம்."

"வெலையில ஒண்ணும் இல்லண்ணே. மனசுல வச்சுக்கிறாதீக. நான் புது வண்டியே எடுத்துக்கிறேன்." குத்தூஸ் குதிரை வண்டியில் ஏறினார்.

"இதுவும் இல்லையா?" படுதாவுக்குப் பின்னாலிருந்து குல்சுமின் குரல்.

"இல்லையாம். குலசாமி மேல சத்தியம் பண்ணிட்டாரு."

"விடுங்க. வெவரத்தை முன்னாடியே சொல்லியிருந்தா, விக்கிறதுக்காக எல்லாருமே ஆமான்னுதான் சொல்லுவாக. இவரு நல்ல மனுசர், உள்ளதைச் சொல்லிட்டாரு."

வண்டிக்காரர் கடிவாளத்தைச் சுண்டினார். படுதாவை விலக்கிக்கொண்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தலையை நீட்டினாள். கறுப்புக் காரை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப, நான் பொறந்த காரு எங்கனதான் இருக்கு, உம்மா?"