மூன்று முறை பெயில்

"மறுபடியும் பெயிலா?" என்று கேட்டாள் அவன் மனைவி வெர்னா.

எல்டன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே தலையாட்டினான்.

"மூணாவது தடவை எல்டன்! பதினாலு வயசுப் பொண்ணுங்க எல்லாம் பாஸ் பண்ணிட்டு வருதுங்க. உனக்கு அறுபது ஆகப்போகுது."

"ஆமா."

"என்ன ஆமா? எங்கப்பா தன் துப்பாக்கியை உன் பேருக்குத்தானே எழுதி வெச்சாரு? லைசென்ஸ் இல்லாம அது இந்த வீட்டு வாசப்படி ஏறாது. அக்டோபர் வரைக்கும்தான் வெச்சிருப்பேன், அப்புறம் வித்துடுவேன்னு என் தம்பி கிளேட்டன் சொல்லிட்டான்."

"சூப் இருக்கா?" என்றான் எல்டன்.

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக ஊரில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். ஒரு தபால் பெட்டியைக்கூட இடித்ததில்லை. இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் பாடப் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்தான். அவளே கேள்வி கேட்டாள். எந்தத் தோட்டா எதற்கு, வேலி தாண்டும்போது துப்பாக்கியை என்ன செய்வது, எல்லாம் சரியாகச் சொன்னான்.

அப்புறமும் பெயில்.

சனிக்கிழமை காலை தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. பாதி ஊர் அங்கே இருந்தது. கிளேட்டன் எதிர் மேஜையிலிருந்தே கத்தினான்.

"அக்கா! மச்சானுக்கு ஒரு கவண் வாங்கிக் குடு. அதுக்குப் பரீட்சை கிடையாது!"

"எதுக்குடா கவண்? காட்டெருமை வந்தா புத்தகத்தாலயே அடிச்சிடுவாரு!" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்டனும் சேர்ந்து சிரித்தபடி பான்கேக்கில் பாகு ஊற்றிக்கொண்டான். வெர்னா தட்டைத் தள்ளிவைத்தாள்.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே பான்கேக் சுட்டுக்கொண்டிருந்த ஹேஸல்தான் துப்பாக்கிப் பரீட்சை வைப்பவள்.

"ஹேஸல், உனக்குப் புண்ணியமாப் போகும். அடுத்த தடவை கொஞ்சம் பார்த்துப் போடேன். மானம் போகுது."

"எழுத்துப் பரீட்சையில ஐம்பதுக்கு நாப்பத்தொம்பது வாங்கினான், தெரியுமா?"

"அப்புறம் எதுல பெயில்?"

"செய்முறையில. மேஜையில துப்பாக்கி இருக்கும். எடுத்து, குண்டு இல்லேன்னு காட்டிட்டு, திரும்ப வெக்கணும். குழலை ஆள் பக்கம் திருப்பினா பெயில். அவ்வளவுதான்."

"அதுகூட வரலியா இந்த மனுஷனுக்கு?"

"கேளு. நேத்து ஒரு பொண்ணு கை நடுங்கிட்டு நின்னுச்சு. உன் புருஷன்தான் சொல்லிக்குடுத்தான். அது பாஸ். அடுத்து இவன் முறை. எடுத்தான். குழலை நேரா என் வயித்துக்குத் திருப்பினான். நான் எழுதி முடிக்கிற வரைக்கும் அசையல. மூணு தடவையும் இதே கதைதான். இருபது வருஷமா பார்க்கறேன் வெர்னா. கை தவறினா எனக்குத் தெரியும். இது தவறின கை இல்ல."

வீட்டுக்குள் நுழைந்ததும் வெர்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணும்னே தோத்தியா?"

எல்டன் தன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"வேட்டை பிடிக்கலேன்னா சொல்லித் தொலைக்கிறதுதானே? ஊரே கைகொட்டிச் சிரிக்குது. உன்னால நான் வெளியில தலைகாட்ட முடியல. எங்கப்பா துப்பாக்கி இந்த வீட்டுல இருந்தா உனக்கு என்ன கேடு?"

எல்டன் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டு.

கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்து, அலமாரியிலிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தான். புட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒன்றே ஒன்று.

பெட்டியைப் பூட்டிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தான்.

வெர்னாவால் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிப்ரவரியில் ஒரு புட்டி மாத்திரையையும் மொத்தமாக விழுங்கியிருந்த அவளை ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்துக் கூட்டிவந்த நாளிலிருந்து, மாத்திரைப் புட்டியை அவன் ஒருதடவைகூட அவள் கையில் கொடுத்ததில்லை.