எறும்பு எழுத்து

“அண்ணி, அதை அமுக்காதீங்க!”

கொழுந்தன் போட்ட சத்தத்தில் அண்ணியின் கை மவுஸிலிருந்து துள்ளி மடியில் விழுந்தது.

அண்ணி தையல்காரி. ஆமை வேகத்தில் ஓடும் தன் பழைய கம்ப்யூட்டரில், யார் யாரோ கூடிச் செய்து இலவசமாகத் தருகிற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். திரை நடுவில் பெரிய பட்டன் ஒன்று, ‘நிறுவு’ என்று அழைத்தது.

“அதை அமுக்கினா, உள்ளே இருக்கிறதை எல்லாம் துடைச்சுப் போட்டுட்டுத்தான் ஏறும்.”

“ஐயையோ! முந்நூறு பேரோட அளவு இதுலதானே தம்பி இருக்கு? மறுபடி இடுப்பை அளக்கணும்னு சொன்னா பாதிப் பேர் இந்தப் பக்கமே வர மாட்டாங்க!”

“கீழே எறும்பு ஊர்ற மாதிரி ஒரு வரி இருக்கு பாருங்க. ‘இருப்பதை வைத்துக்கொண்டு நிறுவு’. அதைத் தொடுங்க.”

தொட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கொழுந்தன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும் அண்ணி, இது.”

அரை மணியில் வேலை முடிந்தது. அளவெல்லாம் பத்திரம். ஆனால் அண்ணி எழுந்திருக்கவில்லை. அந்த இயங்குதளத்தைச் செய்தவர்களுக்குக் கடிதம் தட்ட ஆரம்பித்தாள்.

‘வணக்கம். நான் தையல் வேலை செய்கிறேன். சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் துணியில் கை வைப்பேன். நீங்களோ கத்தரிக்கோலை முதலில் கொடுத்துவிட்டு, கோட்டை எறும்பு எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.’

எட்டிப் பார்த்த கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

“புண்ணியவான்க சும்மா கொடுக்கிறாங்க. அதுல போய் நொட்டை சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

“சும்மா கொடுக்கிறவங்க நாம நல்லா இருக்கணும்னுதானே கொடுக்கிறாங்க? எங்கே இடிக்குதுன்னு சொன்னாத்தானே அவங்களுக்கும் தெரியும்.”

“அதான் உங்க வேலை முடிஞ்சு போச்சே!”

“எனக்குச் சத்தம் போட நீ இருந்தே. அடுத்து உக்கார்றவ கொழுந்தனுக்கு எங்கே போவா?”

அனுப்பிவிட்டாள்.

“விவரம் தெரிஞ்சவன் யாரும் இப்படியெல்லாம் எழுத மாட்டான்” என்று முணுமுணுத்துக்கொண்டே போனான் அவன்.

ரெண்டு வாரத்தில் பதில் வந்தது. கொழுந்தனின் மனைவிதான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

‘உங்கள் கடிதத்தைப் பார்த்துத் திரையையே மாற்றிவிட்டோம். படங்கள், கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும், நகல் எடுத்தீர்களா என்று இனி முதலிலேயே கேட்கும். ஆறு வருடமாக இதை எங்களிடம் யாருமே சொல்லவில்லை. நன்றி.’

“பரவாயில்லையே அக்கா, கலக்கிட்டீங்க!”

சொன்னவள், ‘படங்கள்’ என்ற இடத்தை மறுபடி ஒருமுறை படித்தாள். கொழுந்தன் சத்தமில்லாமல் செருப்பைத் தேடினான்.

“ஏங்க, நில்லுங்க. நம்ம கல்யாண ஃபோட்டோ அத்தனையும் வைரஸ் தின்னுடுச்சுன்னு சொன்னீங்களே. அன்னைக்கு நீங்க ஏத்திக்கிட்டிருந்தது இதைத்தானே?”

அவன் ஒற்றைச் செருப்போடு நின்றான்.

“அப்பவே அவங்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா என்னவாம்?”

கொழுந்தன் வாசலைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்:

“ரிப்பேர் கடைக்காரனே தப்பா அமுக்கிட்டான்னு... எப்படிடீ எழுதுறது?”