விடிந்தால் சார்ஜ் இல்லை

"இந்தத் தடவையும் சரியாகலைன்னா காரை வித்துருவேன் ஜேசு," என்றார் பலசரக்குக் கடை பொன்ராஜ். "விடிஞ்சா பேட்டரியில சார்ஜ் இருக்க மாட்டேங்குது. பாகம் பிரிச்சதுலருந்து பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, பக்கத்து வீட்டுலருந்து வந்து தள்ளிவிடுறான். மானம் போகுது."

மெக்கானிக் ஜேசுராஜ் டைனமோ, பெல்ட்டு, ஒயரு எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். ஒரு குறையும் இல்லை. நேற்று ராத்திரி தன் பாளையம்பட்டிப் பட்டறையிலேயே வண்டியை நிறுத்திப் பார்த்தான். காலையில் சாவியைத் திருப்பியதுமே கிளம்பிவிட்டது.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுல நின்னாத்தான் சார்ஜ் எறங்குது. போன தடவ வண்டிக்குள்ள இருக்க லைட்டை நான்தான் அணைச்சு அனுப்புனேன். மறுபடியும் சுவிச்சு போட்டே வந்துருக்கு. விடிய விடிய எரிஞ்சா பழைய பேட்டரி தாங்குமா?"

"நான் அதத் தொடுறதே இல்லையேப்பா. கதவையும் பூட்டிட்டுத்தான் படுக்கேன்."

"வேற சாவி யாருகிட்ட இருக்கு?"

பொன்ராஜ் மெதுவாகச் சொன்னார்.

"தம்பிகிட்ட. பிரியும்போது அவனும் தரல, நானும் கேக்கல."

ஜேசுராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கூடப் பொறந்தவுகளே குழி பறிச்சா என்ன செய்ய? பல்பைக் கழட்டி எறிஞ்சுருவோம். நாளையிலருந்து யாரும் தள்ள வேண்டாம்."

ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே குனிந்தவனின் கையைப் பொன்ராஜ் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா, எரியட்டும். 'கிளட்ச்ச விடுங்கண்ணே'ன்னு தள்ளும்போது மட்டும்தான் அவன் எங்கிட்டப் பேசுறான்."